கம்பெனி காலத்துத் தொழிலாளர் ஓவியங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குயவரும் மனைவியும், பனையேறியும் மனைவியும், தட்டாரும் மனைவியும் என்று ஜோடி ஜோடியாக நிற்கும் பழைய வாட்டர்கலர் படங்களை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். அடியில் தமிழிலோ தெலுங்கிலோ ஒரு வரி இருக்கும், பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி. அவற்றில் பெரும்பகுதி தஞ்சாவூர், திருச்சி, மதுரை, வேலூர், சென்னை வட்டாரங்களில் 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வரையப்பட்டவை. இவற்றைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இவற்றை ஏன் கம்பெனி ஓவியம் என்கிறார்கள்? கிழக்கிந்தியக் கம்பெனி வரையச் சொன்னதா?

வாங்கியவர்கள் கம்பெனி ஆட்கள் என்பதால் வந்த பெயர். பட்டாள அதிகாரி, கலெக்டர், டாக்டர், பாதிரியார், அவர்கள் வீட்டு அம்மணிகள் என்று வெள்ளைக்காரர்களின் ரசனைக்கு ஏற்ப இந்திய ஓவியர்கள் வரைந்தவை எல்லாவற்றையும் சேர்த்துக் கலை வரலாற்றாளர்கள் பிற்காலத்தில் இப்படி அழைத்தார்கள். செடிகொடி, பறவை, விலங்குப் படங்களில் சில உண்மையிலேயே அரசு வேலையாக நடந்தன. தொழிலாளர் படங்கள் பெரும்பாலும் தனி ஆட்கள் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டவை. ஊருக்குத் திரும்பும்போது பெட்டியில் போட்டு எடுத்துப் போக, அக்காவுக்கும் அப்பாவுக்கும் 'நான் இருந்த நாடு இப்படித்தான்' என்று காட்ட.

ஒரு படத்தைப் பார்த்ததும் எப்படி அடையாளம் கண்டுகொள்வது?

தஞ்சைப் பாணி என்றால் பெரும்பாலும் ஆணும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். காலடியில் பச்சையோ பழுப்போ ஒரு பட்டை நிலம், சில புல் கொத்துகள், அதற்கு மேல் வெளிறிய வானம். கையில் தொழில் கருவி. மனைவியிடம் கூடையோ குடமோ கைக்குழந்தையோ. பழைய படங்களில் பின்னணி வெறுமையாக இருக்கும். போகப்போக அடிவானம், மேகம், காலுக்குக் கீழே நிழல் எல்லாம் வந்து சேரும். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த அச்சுப் படங்களைப் பார்த்து அந்த நிழலைக் கற்றுக்கொண்டார்கள்.

ஆட்களின் முகங்களைக் கவனித்தால் இன்னொன்று தெரியும். ஒரே ஆல்பத்தில் குயவருக்கும் கொல்லருக்கும் ஏறக்குறைய ஒரே முகம்தான். மாறுவது தலைப்பாகை, நாமமோ பட்டையோ, வேட்டி கட்டிய விதம், கையில் இருப்பது. ஓவியர் எங்கே நேரம் செலவழித்தார் என்பது அதிலேயே தெரிகிறது.

இது தஞ்சாவூர் ஓவியம்தானே?

ஊர் ஒன்று, சரக்கு வேறு. தஞ்சாவூர் ஓவியம் என்று நாம் சொல்வது பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பூச்சு கொடுத்து, தங்க ரேக்கும் கல்லும் பதித்த சாமி படம். இங்கே பேசுவது தாளில் வரைந்த நீர்வண்ணம். இரண்டையும் ஒரே பட்டறைகள் செய்திருக்கலாம். வாங்கியவர்கள் வேறு, சாமான் வேறு, விலை வேறு.

யார் வரைந்தார்கள்? ஏன் ஓவியர் பெயரே இல்லை?

தஞ்சையிலும் திருச்சியிலும் இந்த வேலை செய்தவர்களை அன்றைய ஆங்கிலக் குறிப்புகள் முச்சியர் என்கின்றன. தெலுங்கு பேசியவர்கள், தோல், சேணம், மரச்சாமானுக்கு வண்ணம், படம் என்று கைக்கு வந்ததையெல்லாம் செய்த கைவினைக் குடும்பங்கள். தென்னிந்தியாவில் 1790களில் இருந்த பீரங்கிப்படை அதிகாரி சார்லஸ் கோல்ட் 1806இல் லண்டனில் வெளியிட்ட படத் தொகுப்பில் தஞ்சை முச்சியரின் வேலையைப் பற்றி எழுதியிருக்கிறார்.

கையெழுத்து போடும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. பட்டறையில் அப்பா கோடு போட, மகன் வண்ணம் நிரப்ப, இன்னொருவர் நகைக்குப் புள்ளி வைக்க என்று வேலை பிரிந்திருந்தால் யார் பெயரைப் போடுவது? வாங்கியவரும் கேட்கவில்லை. ஆல்பத்தின் முதல் பக்கத்தில் அவர் தன் பெயரைத் தவறாமல் எழுதிக்கொண்டார், அது வேறு விஷயம்.

விதிவிலக்காக ஒருவர் இருக்கிறார்: வேலூர் எல்லப்பா. 1830களில் வேலை செய்தவர். தன்னையே வரைந்து வைத்திருக்கிறார். கம்பெனி காலத்து இந்திய ஓவியர்களுக்காக லண்டனின் வாலஸ் கலெக்‌ஷன் அருங்காட்சியகம் 2019 டிசம்பரில் தொடங்கிய கண்காட்சியில் அவர் பெயரும் இடம்பெற்றது. ஊரே தொழிலாளர் படம் வரைந்துகொண்டிருந்த காலத்தில், ஓவியர் என்ற தொழிலாளியையும் ஒருவர் வரைந்தார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

எந்தெந்தத் தொழில்கள் வருகின்றன?

கிராமத்துக் கைத்தொழில்கள் முதலில். சக்கரத்தோடு குயவர், துருத்தியும் சுத்தியுமாகக் கொல்லர், ஊதுகுழலும் குறடுமாகத் தட்டார், உளியும் வாய்ச்சியுமாகத் தச்சர். நெசவாளி வந்தால் மனைவி ராட்டையோடோ நூலோடோ வருவார். எண்ணெய் ஆட்டுபவர், பஞ்சு கொட்டுபவர், செருப்புத் தைப்பவர், கூடை முடைபவர், வளையல் விற்பவர். பஞ்சு கொட்டுபவரின் வில்லைத் தேடிப் பாருங்கள். ஆள் உயரத்துக்கு நிற்கும், இன்றைய பிள்ளைகள் அதை ஏதோ வாத்தியம் என்றுதான் நினைப்பார்கள்.

பனையேறி பெரும்பாலான ஆல்பங்களில் இருப்பார். வெள்ளைக்காரர் கண்ணுக்கு அது சர்க்கஸ் மாதிரித் தெரிந்திருக்க வேண்டும். நமக்கு அந்தப் படத்தில் பார்க்க வேண்டியது வேறு. காலில் தளைநார், இடுப்பில் அருவாப்பெட்டி, பாளையை இடுக்கும் கடிப்பு, கலயம், கையில் முருக்குத்தடி என்று எதை வரைந்திருக்கிறார்கள், எதை விட்டிருக்கிறார்கள் என்று ஒப்பிட்டால், வரைந்தவர் மரத்தடியில் நின்று பார்த்தாரா, பழைய மாதிரியைப் பார்த்து எழுதினாரா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

அடுத்தது எழுத்து வேலைக்காரர்கள். ஓலையும் எழுத்தாணியுமாகக் கணக்குப்பிள்ளை, உயர்ந்த தலைப்பாகையும் நீண்ட அங்கியுமாகத் துபாஷி, அதாவது வெள்ளைக்காரர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னவர். பிறகு வாங்கியவரின் வீட்டிலேயே வேலை பார்த்த கூட்டம்: சமையல்காரர், பட்லர், ஆயா, தீவட்டி பிடிக்கும் மசால்சி, குதிரைக்காரர், குதிரைக்குப் புல் அறுப்பவர், தோல்பையில் தண்ணீர் சுமப்பவர், பல்லக்குத் தூக்குபவர். ஒரு துரை வீட்டில் எத்தனை பேர் என்று ஊரில் இருப்பவர்கள் வாய்பிளக்க வேண்டும் என்பதற்காகவே இவர்களைத் தனித்தொகுப்பாக வாங்கியிருப்பார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

கடைசியாக, தெருவில் போகிறவர்கள். பாம்பாட்டி, குறி சொல்பவர், பெருமாள் மாட்டுக்காரர், கழைக்கூத்தாடி, பண்டாரம், பிச்சைக்காரர். இவர்களும் அதே அளவில், அதே நிலப்பட்டையின் மேல்தான் நிற்கிறார்கள். தபால்காரருக்கும் சாமியாருக்கும் ஒரே தாள், ஒரே வானம்.

பெண்கள் மனைவியாக மட்டும்தான் வருகிறார்களா?

தலைப்பு அப்படித்தான் சொல்லும்: 'குயவரும் அவர் மனைவியும்'. படம் கொஞ்சம் வேறு சொல்லும். கணவர் கையில் கருவி, மனைவி தலையில் விற்கப் போகும் சரக்கு. செய்தது ஒருவர், காசாக்கியது இன்னொருவர் என்பது பல தொழில்களில் உண்மை நிலை. கள்ளுக்கலயம், பானைக் கூடை, துணி மூட்டை எல்லாம் பெண்கள் தலையில்தான். நாவிதரின் மனைவியைப் பார்த்தால் நினைவில் வையுங்கள், தமிழ்நாட்டுக் கிராமங்களில் பிரசவம் பார்த்த மருத்துவச்சி அவர்தான். படத்தலைப்பில் அதைப் பெரும்பாலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

தனியாக வரும் பெண்களும் உண்டு: மோர் விற்பவர், நெல் குத்துபவர், ஆயா, நாட்டியக்காரர். உடை வரலாறு படிப்பவர்களுக்கு இவை புதையல். சிலர் ரவிக்கையோடு, பலர் ரவிக்கை இல்லாமல். சேலைக் கட்டு தொழிலுக்குத் தொழில் மாறுகிறது. மூக்கு, காது, கால் நகைகளை ஓவியர் எண்ணி எண்ணி வைத்திருக்கிறார்.

என்ன தாள், என்ன வண்ணம்?

தாள் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்தது. வண்ணம் ஆங்கிலேயர் பாணி மெல்லிய வாட்டர்கலர் என்று நினைத்துவிட வேண்டாம். அதில் தாளின் வெள்ளை தெரியும்படி நீர்த்த வண்ணத்தை ஓடவிடுவார்கள். நம் ஓவியர்கள் வெள்ளை கலந்து கெட்டியாக, அடித்தாள் தெரியாதபடி பூசிப் பழகியவர்கள். அதனால் வானத்துக்கு மெல்லிய நீர்த்த வண்ணம், உடம்புக்கும் துணிக்கும் கெட்டி வண்ணம் என்று ஒரு கலவை உருவானது. தலைப்பாகை மடிப்பும் ஜரிகைக் கரையும் அவ்வளவு கூர்மையாக வந்ததற்கு அந்தக் கெட்டி வண்ணம்தான் காரணம்.

அவுரி நீலம், சாதிலிங்கச் சிவப்பு, அரிதார மஞ்சள், காவி, விளக்குக் கரி ஆகியவை நம் ஓவியர்களின் வழக்கமான பெட்டி. பசைக்கு வேலம்பிசின். நுண்வேலைக்கு அணில்வால் மயிர்த் தூரிகை. சீமையிலிருந்து வந்த வண்ணக்கட்டிகளும் பிற்காலத்தில் கலந்தன.

தேதி இல்லாத படத்தின் காலத்தை எப்படிச் சொல்கிறார்கள்?

முதல் உதவி நீர்க்குறி. தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே தெரியும் தயாரிப்பாளர் பெயர் அது. 'ஜே வாட்மன்' என்ற ஆங்கிலத் தாள் இந்த ஆல்பங்களில் அடிக்கடி வரும். 1794இல் இங்கிலாந்தில் வந்த ஒரு சட்டப்படி, ஏற்றுமதித் தாளுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெற வேண்டுமானால் நீர்க்குறியில் ஆண்டு இருக்க வேண்டும். வரிச் சலுகைக்காக ஆலைகள் ஆண்டைப் போட ஆரம்பித்தன. இருநூறு வருடம் கழித்து நமக்குப் பயன்படுகிறது. 1816 என்று இருந்தால் படம் அதற்கு முந்தையது இல்லை என்பது உறுதி. எவ்வளவு பிந்தையது என்பதற்கு அது பதில் சொல்லாது. கப்பலில் வந்து, கடையில் கிடந்து, பட்டறையில் கிடந்து எப்போது வண்ணம் ஏறியதோ.

அதனால் கூடவே மற்றவற்றையும் பார்க்க வேண்டும். சிப்பாயின் தொப்பியும் சட்டையும் ஆண்டுக்கணக்கில் மாறியவை. ஒரு தொகுப்பில் ஒரு சிப்பாய் இருந்தால் கணிப்பு எளிது. பின்னணி வெறுமையா, நிழல் இருக்கிறதா என்பது அடுத்தது. ஆல்பத்தை வாங்கியவர் யார், அவர் எந்த ஆண்டுகளில் எந்த ஊரில் இருந்தார் என்பது இன்னொரு சாட்சி.

ஒரே படம் வெவ்வேறு அருங்காட்சியகங்களில் இருக்கிறதே, எது அசல்?

எல்லாமே அசல்தான். மாதிரித்தாளில் கோட்டின் மேல் ஊசியால் துளையிட்டு, கரித்தூள் பொட்டலத்தால் தட்டினால் கீழே உள்ள புதுத்தாளில் உருவம் இறங்கிவிடும். பட்டறையில் இந்த மாதிரிகள் தலைமுறையாக இருந்தன. வாங்க வருகிறவர் 'எனக்கு முப்பது வேண்டும்' என்றால் முப்பது, 'எண்பது வேண்டும்' என்றால் எண்பது. நல்ல காசு கொடுத்தவருக்கு நகை வேலை கூடும்.

இவற்றில் இருப்பதை அப்படியே நம்பலாமா?

கையில் இருப்பதை நம்பலாம், காலடியில் இருப்பதை நம்பக் கூடாது, கீழே எழுதியிருப்பதைச் சந்தேகத்தோடு படிக்க வேண்டும். இந்தப் படங்களைப் பற்றி நான் சொல்ல விரும்புவது முக்கியமாக இதுதான்.

கருவியை ஓவியர் அறிந்தே வரைந்தார். அவரும் கைத்தொழில்காரர், தட்டாரும் கொல்லரும் அவர் தெருவுக்கு அடுத்த தெரு. குறடு எப்படிப் பிடிப்பது, நாவிதரின் அடைப்பத்தில் (கருவிப் பையில்) என்ன இருக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்த உலகம். வாங்குபவருக்கு அது தெரியாததால், அதில் பொய் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

காலடி வேறு கதை. உலைக்களம் இல்லை, தறிக்குழி இல்லை, சேறு இல்லை, கூலி கொடுப்பவர் இல்லை. துணி எப்போதும் சலவையாக இருக்கிறது. கலப்பையோடு நிற்கும் உழவரைப் பாருங்கள். தஞ்சை வயல்களில் அந்தக் காலத்தில் உழைத்தவர்களில் பெரும்பகுதி பண்ணையடிமைகள். அடிமைமுறைக்குச் சட்டத்தின் ஆதரவை விலக்கும் சட்டமே 1843இல்தான் வந்தது. படத்தில் அவர் வெள்ளை வேட்டியும் மலர்ந்த முகமுமாக, யாருக்கும் கட்டுப்படாதவர்போல நிற்கிறார். நெசவாளியும் அப்படித்தான். லங்காஷயர் ஆலைத் துணி வந்து குவிந்து கைத்தறி நொடிந்துகொண்டிருந்த 1830களில் வரைந்த ஆல்பத்திலும் அவர் தோளில் துணி நிறைந்திருக்கிறது. ஆல்பம் வாங்கியவர் கேட்டது தொழில்களின் பட்டியலை. தொழிலின் நிலவரத்தை யாரும் கேட்கவில்லை, ஓவியரும் சொல்லவில்லை.

படத்துக்கு அடியில் சாதிப் பெயர் போட்டிருக்கிறார்களே, அது சரியா?

அந்த வரிதான் பெரிய சிக்கல். ஒரு கருவி, ஒரு ஜோடி, ஒரு சாதிப் பெயர் என்று கட்டிவைத்தால் ஒவ்வொரு சாதிக்கும் ஒரே தொழில், ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரே சாதி என்று தோன்றும். நெசவையே எடுத்துக்கொள்ளுங்கள். கைக்கோளர், தேவாங்கர், சாலியர், பட்டுநூல்காரர் எல்லாரும் நெய்தார்கள். அவர்களிலேயே வியாபாரம் பார்த்தவர், பட்டாளத்தில் சேர்ந்தவர், நிலம் வைத்திருந்தவர் உண்டு. நாற்பது தாளில் நாட்டை அடக்கப் பார்க்கும் ஆல்பத்தில் இதற்கெல்லாம் இடமில்லை.

இரண்டு மூன்று மொழிகளில் வரிகள் இருந்தால் ஒப்பிட்டுப் படியுங்கள். தமிழ் அல்லது தெலுங்கு வரியைப் பட்டறையிலோ துபாஷியோ எழுதியிருப்பார்கள், ஆங்கில வரியை வாங்கியவர் பிறகு எழுதியிருப்பார். இரண்டும் ஒத்துப்போகாத படங்கள் நிறைய. ஆங்கில வரி தெரியாத ஆளின் ஊகமாகவும் இருக்கலாம். 1871-72இல் நாடு தழுவிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தபோது இதே பட்டியல் போடும் பழக்கம் அரசாங்க அச்சுப் படிவத்திலும் ஏறிக்கொண்டது.

பகிரும்போது ஒரு வேண்டுகோள். அந்தப் பழைய வரிகளில் உள்ள சில பெயர்கள் இன்று வசைச்சொற்கள். படத்தோடு சேர்ந்த எழுத்தை அழிக்க வேண்டியதில்லை, அது ஆவணம். உங்கள் சொந்த வார்த்தையில் எழுதும்போது 'பனையேறி', 'செருப்புத் தைப்பவர்' என்று தொழிலைச் சொன்னால் போதும்.

மதுரை ஆல்பம் என்று ஒன்று அடிக்கடி சுற்றுகிறதே, அது என்ன?

1837ஆம் ஆண்டைச் சேர்ந்த, 72 படங்கள் கொண்ட கையால் வரைந்த தொகுப்பு. இப்போது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கி நூலகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் ஆங்கிலத்திலும் தமிழிலும் தலைப்பு உண்டு. அதை அன்பளிப்பாகக் கொடுத்தவர் டேனியல் பூவர் என்ற அமெரிக்க மிஷனரி. பெற்றவர் வில்லியம் ட்வைனிங் என்ற போதகர்.

யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு பூவர் தெரிந்த பெயர். 1816இல் இலங்கை வந்து, 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரிக்கு முதல் தலைவராக இருந்தவர். 1830களின் நடுவில் மதுரைக்குப் போய்ச் சில ஆண்டுகள் வேலை செய்தார், பிறகு யாழ்ப்பாணம் திரும்பினார், 1855இல் அங்கேயே இறந்தார். மதுரையில் இருந்த காலத்துச் சேகரிப்பு இது. தஞ்சைப் படங்களின் பட்டறை மெருகு இதில் குறைவு. ஆட்கள் கொஞ்சம் விறைப்பாக நிற்கிறார்கள். எனக்கு அந்த விறைப்பு பிடிக்கும். தமிழ் வரிகள் இருப்பதால் நாம் நேரடியாகப் படிக்கலாம் என்பது பெரிய வசதி.

திருச்சியில் மைக்காவில் வரைந்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. மைக்கா என்றால் அப்பிரகம், பேச்சில் காக்காப்பொன். கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும் மெல்லிய தகடு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் திருச்சி இதற்குப் பேர்பெற்ற ஊர். அங்கே பெரிய பட்டாளக் குடியிருப்பு இருந்தது, வந்து போகும் சிப்பாய் அதிகாரிகள் வாங்க மலிவான, சின்ன சாமான் வேண்டியிருந்தது. தொழிலாளர், வேலைக்காரர், சாமி ஊர்வலம் என்று சின்னத் தகடுகளாகப் போட்டுக் கட்டாக விற்றார்கள். சில தொகுப்புகளில் ஒரு அட்டையில் முகம் மட்டும் இருக்கும். உடம்பும் உடையும் வரைந்த தகடுகளை ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்தால் அதே முகம் சமையல்காரராகவும் சிப்பாயாகவும் மாறும். விளையாட்டுச் சாமான்தான். கம்பெனி ஆல்பங்கள் ஆட்களை எப்படிப் பார்த்தன என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

மைக்காவில் வண்ணம் ஒட்டிக்கொள்ளாது, உதிரும். தகடும் ஏடு ஏடாகப் பிரியும்.

இது ஆங்கிலேயர்களோடு மட்டும் தொடர்புள்ளதா? மற்ற ஊர்களிலும் உண்டா?

பிரெஞ்சுக்காரர்களும் வாங்கினார்கள், புதுச்சேரி பக்கத்தில் இருந்தது. பியர் சொன்னெரா 1782இல் பாரிஸில் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரைத் தொழிலாளர்களின் செதுக்குப் படங்கள் (உலோகத் தகட்டில் செதுக்கி அச்சடித்தவை) இருக்கின்றன.

வடக்கே பாட்னாவில் சேவக் ராம் போன்றவர்கள் இதே வேலையைச் செய்தார்கள். கோடு போடாமல் நேரடியாகத் தூரிகையால் வரைவது அந்த ஊர்ப் பாணி. அந்த வழியில் வந்த ஈஸ்வரி பிரசாத் வர்மா 1949 வரை வாழ்ந்தார். கல்கத்தாவில் பிளெமிஷ் ஓவியர் சோல்வின்ஸ் 1796க்கும் 1799க்கும் இடையில் 250 செதுக்குப் படங்கள் வெளியிட்டு நஷ்டப்பட்டார். ஆட்களை வேலை செய்யும் இடத்தோடு சேர்த்து வரைந்தவர் அவர். தஞ்சைப் படங்களோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தகுந்தவை. சீனத்தில் கான்டன் துறைமுகப் பட்டறைகளும் தெருத் தொழிலாளர் வாட்டர்கலர்களை வெள்ளைக்காரர்களுக்கு விற்றன. புகுவா என்ற ஓவியரின் படங்களை வைத்து 1800இல் லண்டனில் ஒரு புத்தகமே வந்தது.

பிறகு ஏன் நின்றுபோயிற்று?

கேமரா. 1850களில் சென்னையிலும் புகைப்படம் எடுப்பவர்கள் வந்துவிட்டார்கள். 1868 முதல் 1875 வரை இந்திய மக்களைப் பற்றிய புகைப்படத் தொகுப்பை எட்டுப் பெரிய புத்தகங்களாக அரசே வெளியிட்டது. தஞ்சை அரசும் 1855இல் முடிந்து, ஆதரிக்க அரண்மனையும் இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படத்தபால் அட்டைகள் வந்தபோது மறுபடியும் அதே வண்ணாரும் நாவிதரும் பாம்பாட்டியும் வரிசையாக நின்றார்கள். ஸ்டுடியோவுக்குள் கூட்டிவந்து, கையில் கருவியைக் கொடுத்து நிறுத்தி எடுத்தவை அவற்றில் பல.

எங்கே பார்க்கலாம்? பதிவிறக்கலாமா?

லண்டனில் பிரிட்டிஷ் நூலகம், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், வெல்கம் கலெக்‌ஷன் ஆகிய மூன்றிலும் தென்னிந்தியப் படங்கள் நிறைய. நேரில் போனாலும் சுவரில் மாட்டியிருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நீர்வண்ணம் வெளிச்சத்தில் வெளிறும்; 50 லக்ஸ் அளவு மங்கிய ஒளியில், சில மாதங்கள்தான் வைப்பார்கள். இணையத்தில் பார்ப்பதே மேல், பெரிதாக்கிப் பார்க்கலாம். வெல்கம், யேல் இரண்டும் இந்தப் படங்களைத் தாராளமாகப் பயன்படுத்த விடுகின்றன. மற்ற இடங்களில் படத்துக்குக் கீழே உள்ள உரிமக் குறிப்பைப் படித்துவிட்டு எடுங்கள். தேடும்போது தஞ்சாவூர், திருச்சி, மெட்ராஸ் மூன்றையும் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் (Tanjore, Trichinopoly, Madras) போட்டால்தான் அகப்படும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது?

அடியில் உள்ள எழுத்தை மறைத்துவிட்டுக் காட்டுங்கள். 'இவர் கையில் என்ன, அதை வைத்து என்ன செய்வார்' என்று கேட்டால் வகுப்பு களைகட்டும். பாதி கருவிகளுக்கு வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டுவந்துதான் பெயர் சொல்ல முடியும்.

வீட்டுப் பரணில் இப்படி ஒரு படம் கிடைத்தது. என்ன செய்ய?

முதலில், துடைக்காதீர்கள். ஈரத்துணி பட்டால் வண்ணம் அதோடு வந்துவிடும், வேலம்பிசின் தண்ணீரில் கரையும் பொருள். லேமினேஷன் கூடவே கூடாது, செலோடேப்பும் வேண்டாம். அமிலமற்ற தாளுக்கு இடையில் வைத்து, படுக்கைவாட்டில், காய்ந்த இடத்தில் வையுங்கள். மைக்கா என்றால் அடுக்காமல் ஒவ்வொன்றையும் தனித்தனியாக.

அசல்தானா என்று பார்க்க வெளிச்சத்துக்கு எதிரே தாளைத் தூக்கிப் பிடித்து நீர்க்குறி தேடுங்கள். பூதக்கண்ணாடியில் பார்க்கும்போது வண்ணம் சின்னச் சின்னப் புள்ளிகளின் வலையாகத் தெரிந்தால் அது அச்சடித்த பிரதி. பழைய தாளில் புதிதாக வரைந்து விற்பவர்களும் இருக்கிறார்கள். தாள் பழையது, எழுத்து பழையது, வண்ணம் மட்டும் பளபளவென்று இருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள்.

விற்க நினைத்தால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நினைவில் இருக்கட்டும். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட ஓவியம் அதன் கீழ் வரும்; உள்நாட்டில் உரிமம் உள்ள வியாபாரியிடம் விற்கலாம், வெளிநாட்டுக்குத் தனியார் அனுப்ப முடியாது. வெளிநாட்டு உறவினர் ஆசையாகக் கேட்டால் நல்ல ஸ்கேன் எடுத்து அனுப்புங்கள். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். யாராவது பென்சிலில் கிறுக்கியிருப்பார்கள்.